முடியாததும் வேண்டாததும்: கிளிக் 3 எடுத்த படங்களை எப்படிப் பார்ப்பது?

பழைய பிலிம் கேமரா மறுபடியும் மோஸ்தர் ஆகிவிட்டது. நல்லதுதான். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். சோழவரத்தில் என் அலமாரியில் இப்போது பதினோரு கேமராக்கள் இருக்கின்றன, பாதிக்கு மேல் காயலாங்கடையில் வாங்கியவை, ஒன்றுகூட ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை. ஆனால் இந்தக் கேமராக்களைச் சுற்றி நடக்கும் பேச்சில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. ஓரம் மங்கினால் அழகு, வெளிச்சம் கசிந்தால் அழகு, அசைந்து கலங்கியிருந்தால் இன்னும் அழகு என்கிறார்கள். மலிவு கேமராவின் குறைதான் அதன் கலையாம். இது கேமராவையும் தப்பாகப் படிக்கிறது, அதை வைத்திருந்த மனிதர்களையும் தப்பாகப் படிக்கிறது என்பது என் கட்சி.

இந்த ரசனை எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. 1992-ல் வியன்னாவில் தொடங்கிய லோமோகிராஃபி சங்கம் குறையையே கொள்கையாக்கி, பிறகு அதையே வியாபாரமாகவும் ஆக்கியது. ஹாங்காங்கில் மலிவு விலைக்குச் செய்த ஹோல்கா என்ற பிளாஸ்டிக் கேமரா கலைக்கூடம் வரை போனது. அவர்கள் ஊரில் அதற்கு ஒரு நியாயம் உண்டு. துல்லியமான கேமரா எல்லார் கையிலும் இருந்த இடத்தில், துல்லியத்தைக் கைவிடுவது ஒரு தேர்வு. நம் ஊரில் அப்படி இல்லை. இங்கே அந்த மலிவு கேமராதான் பல வீடுகளுக்குக் கிடைத்த ஒரே கேமரா.

அந்த ஒரே கேமரா எது? பெரும்பாலும் ஆக்ஃபா கிளிக் 3. ஜெர்மனியில் 1958-ல் வந்த கிளிக் வரிசையின் இந்தியப் பிள்ளை. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்தது. வெளிநாட்டுப் பொருள் எளிதில் உள்ளே வராத காலம் அது. பிலிமுக்கும் உள்ளூர் ஏற்பாடு இருந்தது: ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1960-ல் நிறுவி 1967-ல் உற்பத்தி தொடங்கிய மத்திய அரசு ஆலை, ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் விற்றது. பரோடா பெட்டி, ஊட்டி பிலிம், பக்கத்துத் தெரு ஸ்டுடியோவில் கழுவல். சாமானியனின் போட்டோ என்பது இந்த மூன்றும் சேர்ந்ததுதான்.

இப்போது பெட்டியைத் திறந்து பார்ப்போம். உள்ளே அதிகம் ஒன்றும் இல்லை. சாதாரண லென்ஸ், குவியதூரம் சுமார் 72 மி.மீ. ஃபோகஸ் மாற்ற முடியாது. வெயிலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று என்று துவாரம். பெரியதைத் திறந்தாலும் எஃப் 9-ஐ ஒட்டித்தான். ஷட்டர் வேகம் ஒன்றே ஒன்று. என்னிடம் இருக்கும் மூன்று கிளிக்குகளையும் ஒரு ஒளி உணரியை வைத்து அளந்து பார்த்தேன், எல்லாமே நாற்பதில் ஒரு விநாடியைச் சுற்றியே வந்தன. 120 சுருள் பிலிம், 6 செ.மீ. சதுரத்தில் 12 படம். அவ்வளவுதான்.

முதலில் ‘மங்கல்’ பற்றி. அந்தக் காலத்து ஆல்பத்தில் இருக்கும் சின்னச் சதுரப் படங்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். மங்கலாகவா இருக்கின்றன? பலவும் பளிச்சென்று இருக்கும். காரணம், அவை கான்டாக்ட் பிரிண்ட். நெகட்டிவைத் தாளின் மேல் நேராக வைத்து, பெரிதாக்காமல், அதே அளவில் போட்டது. லென்ஸின் தவறு ஒரு மடங்குகூடப் பெருகவில்லை. இந்த அளவுக்குப் போதும் என்று கணக்குப் போட்டுத்தான் லென்ஸையே அவ்வளவு மலிவாகச் செய்ய முடிந்தது. பொறியியல் கண்ணோடு பார்த்தால் அது குறைபாடே அல்ல, நேர்த்தியான சிக்கனம். இன்றைக்கு நாம் அதே நெகட்டிவை ஸ்கேன் செய்து, பதினைந்து மடங்கு பெரிதாக்கித் திரை முழுக்க விரித்து வைத்துக்கொண்டு, ‘ஆகா, என்ன ஒரு கனவு மாதிரி மங்கல்’ என்கிறோம். அந்த மங்கலை அதன் சொந்தக்காரர் ஒருநாளும் பார்த்ததில்லைங்க. நாம் உண்டாக்கியதை அவர் தலையில் கட்டுகிறோம்.

எல்லா மலிவு கேமராவும் ஒரே ஜாதி இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 80-களில் வந்த ஹாட் ஷாட் 110 கேமராவின் நெகட்டிவ் வெறும் 13-க்கு 17 மி.மீ. அதிலிருந்து அஞ்சலட்டை அளவு பிரிண்ட் போட எட்டு மடங்கு பெரிதாக்க வேண்டும். அந்த மங்கல் உண்மையிலேயே அன்றைக்கே கண்ணில் பட்ட மங்கல். இரண்டையும் ‘விண்டேஜ் தோற்றம்’ என்ற ஒரே மூட்டையில் கட்டுவது சோம்பேறித்தனம்.

அடுத்தது எல்லை. குறை வேறு, எல்லை வேறு. என் கணக்குப்படி கிளிக் 3-க்குச் சுமார் 3 மீட்டரிலிருந்து தூரம் வரை தெளிவு கிடைக்கும். 3 மீட்டரில் நிற்கும் ஆளின் முகம் நெகட்டிவில் ஏறக்குறைய 5 மி.மீ., ஒரு துவரம்பருப்பு அளவு. அதனால்தான் அந்தப் படங்களில் எல்லாரும் கால்வரை தெரிய நிற்கிறார்கள், முகம் சின்னதாக இருக்கிறது. முகம் வேண்டுமென்றால் ஸ்டுடியோவுக்குத்தான் போக வேண்டும். சூரியன் எடுப்பவர் முதுகில் இருக்க வேண்டும் என்பதால் நிற்பவர்கள் கண்ணைச் சுருக்குகிறார்கள். அது கோபமோ கூச்சமோ இல்லை, வெயில்!

வீட்டுக்குள்ளே? ஐ.எஸ்.ஓ. 100 பிலிமோடு கணக்குப் போட்டால், பகலில் ஒரு சாதாரண அறையில் இந்தக் கேமராவுக்குக் கிடைப்பது தேவையான வெளிச்சத்தில் முப்பதில் ஒரு பங்குதான். ஃபிளாஷ் வழி இருந்தாலும் படத்துக்கு ஒரு பல்பு எரிந்து போகும். ஆகவே அடுப்படி இல்லை, தொட்டில் இல்லை, இரவு இல்லை.

எங்கள் ஊர் உதாரணம் ஒன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுபாதை ஒன்று சோழவரத்தில் இருந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தளம் வருவதற்கு முன் பல ஆண்டுகள் இங்கேதான் கார், பைக் பந்தயங்களை நடத்தியது. பார்க்கப் போன உள்ளூர்க்காரர்கள் சிலர் கேமராவும் கொண்டு போயிருக்கிறார்கள். நான் பார்த்த சில வீட்டு ஆல்பங்களில் நிற்கும் கார் இருக்கிறது, காருக்குப் பக்கத்தில் நிற்கும் அண்ணன் இருக்கிறார், கூட்டம் இருக்கிறது. ஓடும் கார் இல்லை. கணக்கு எளிது. மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் போகும் கார், நாற்பதில் ஒரு விநாடியில் 80 செ.மீ. தாண்டிவிடும். 10 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் நெகட்டிவில் 6 மி.மீ. இழுவை. இன்றைய ரசிகருக்கு அது ‘வேகத்தின் கவிதை’. அன்றைக்கு 12-ல் ஒன்று வீணானது. ஆல்பத்தில் ஒட்ட மாட்டார்கள்.

இதுவரை சொன்னதை வைத்து, ‘கேமராவால் முடியவில்லை, அதனால் படம் இல்லை’ என்று எல்லாவற்றையும் முடித்துவிடத் தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். செங்குன்றம் அரிசி ஆலையில் வேலை பார்த்த ஒருவரின் குடும்ப ஆல்பத்தைப் பார்க்கக் கொடுத்தார்கள். ஆலைக்குள் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. உள்ளே இருட்டு, தவிட்டுத் தூசி. கிளிக்கால் முடியாது, சரி. ஆனால் அவித்த நெல்லைக் காயவைக்கும் களம்? அது வெட்ட வெயில். 3 மீட்டர் என்ன, 30 மீட்டர் இடம் இருக்கிறது. இந்தக் கேமராவுக்கே செய்துவைத்த மாதிரியான வெளிச்சம். அந்தக் களமும் ஆல்பத்தில் இல்லை. இருப்பது ஆலை வாசலில் இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்கும் அவர்தான்.

ஆக, உள்ளே எடுக்காதது முடியாதது. களத்தில் எடுக்காதது வேண்டாதது. 12 படத்தில் ஒன்றைக்கூட வேர்வைக்குக் கொடுக்க அந்தக் குடும்பம் விரும்பவில்லை. வாரம் முழுக்க அனுபவித்ததை ஆல்பத்திலும் எதற்கு ஒட்ட வேண்டும்? அது ஒரு தீர்மானம். கேமராவின் எல்லை தெரியாதவனுக்கு இந்த இரண்டு இன்மைகளும் ஒன்றாகவே தெரியும். தெரிந்தவனுக்கு மட்டும்தான் மனிதர்களின் தீர்மானம் தனியாகப் பிரிந்து தெரியும். பழைய கேமராவில் நாமே படம் எடுத்துப் பார்ப்பதன் பெரிய பயன் இதுதான் என்று நினைக்கிறேன். இன்ஸ்டாகிராமுக்கு மங்கல் சேர்க்க மென்பொருளே போதும், சுருளும் கழுவலும் சேர்த்துக் கேமரா விலையைவிட அதிகமாகச் செலவு செய்ய வேண்டியதில்லை.

‘12 படம்தான் என்பதால் யோசித்து எடுக்கிறோம், மனம் நிதானப்படுகிறது’ என்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. எனக்கும் அப்படித்தான் ஆகிறது. ஆனால் அந்த நிதானத்தை அன்றைய தியானமாக மாற்றிவிட வேண்டாம். அன்றைக்கு அது பிலிம் விலை.

இதில் அவசரமும் உண்டு. தமிழ் ஸ்டுடியோ படங்களை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் பிரிட்டிஷ் நூலகத் திட்டம் ஒன்றின் உதவியோடு எண்ணிமமாக்கியிருக்கிறார்கள், அருமையான வேலை. ஸ்டுடியோவுக்கு வெளியே, வெயிலில், சொந்தக்காரர்களே எடுத்த சின்னச் சதுரங்களோ வீட்டை இடிக்கும்போது குப்பையோடு போகின்றன. சோழவரத்திலிருந்து கும்மிடிப்பூண்டி வரை சாலையோரம் நெல் வயல் எப்போது கிடங்கானது, யார் எந்த வாசலில் நின்றார்கள் என்பதற்கு அவையும் சாட்சி.

உங்கள் வீட்டில் இருந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். நெகட்டிவ் இருந்தால் பிரிண்டோடு சேர்த்து வையுங்கள். ஸ்கேன் செய்தாலும் ஒருமுறை 6 செ.மீ. அளவிலேயே பாருங்கள், எடுத்தவர் பார்த்தது அதைத்தான். கடைசியாக, படத்தில் இல்லாத இடங்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேராக முடியாததா, வேண்டாததா என்று எழுதுங்கள். விடை தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள்.