யாருடைய நினைவு? பர்மாவின் கைவினைச் சந்தையை வாசித்தல்

1

நினைவுப்பொருள் என்று சுலபமாக எழுதிவிடுகிறோம். யாருடைய நினைவு என்று கேட்பதில்லை. ரங்கூன் சந்தையில் ஒரு வெற்றிலைச் செல்லத்தை வாங்கிப் பையில் திணித்துக்கொள்ளும் பயணிக்கு அது அவருடைய பயணத்தின் நினைவு. செய்தவருக்கு அதில் நினைவு ஏதும் இல்லை, கூலி இருக்கிறது. புழக்கத்திலிருந்து பிடுங்கப்பட்ட பிறகுதான் ஒரு பொருளின்மேல் 'பாரம்பரியம்' என்ற சீட்டு ஒட்டப்படுகிறது. மடத்துக்குச் சோறு சுமந்த கலம், வீட்டுக்குள் அலுமினிய அடுக்குப்பாத்திரம் வந்தபின் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் 'கலை' ஆகிவிட்டது.

கடைத்தெருவில் பொருள் வாங்குவதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது, அதுவும் இந்தப் பக்கங்களில், என்று தோழர்கள் முகம் சுளிக்கக்கூடும். சந்தையும் ஒரு பிரதிதான். 1926இல் கட்டப்பட்டபோது அதற்கு நகராட்சி ஆணையர் ஒருவரின் பெயர்: ஸ்காட் மார்க்கெட். 1948இல் விடுதலை வந்தபின் போஜோ ஆங் சான் சந்தை. 2021 பிப்ரவரியில் ஆங் சானின் மகளைக் கைதுசெய்த ராணுவம், தந்தையின் பெயரை எடுத்துவிடவில்லை. அவர் தங்களைத் தோற்றுவித்தவர் என்றுதான் அது சொல்லிக்கொள்கிறது. பெயர்ப்பலகைக்கும் சிறைக்கும் நடுவே நின்றுதான் அங்கே பேரம் பேச வேண்டியிருக்கிறது. (பர்மா என்றே எழுதுகிறேன். 'மியன்மார்' 1989இல் மக்களைக் கேட்காமல் ராணுவ அரசு சட்டம் போட்டு மாற்றிய பெயர்.)

2

முதலில் உழைப்பைப் பேசுவோம். பகானின் 'யூன்' வேலையை நாம் 'அரக்கு வேலை' என்கிறோம். நம்மூர் அரக்கு பூச்சியிலிருந்து வருவது. பகானில் பூசுவது தித்சி மரத்தின் பால். தோலில் பட்டால் கொப்புளம் போடும் சமாச்சாரம். மூங்கில் பிளாச்சுகளைச் சுருட்டி உடம்பு கட்டுகிறார்கள். உயர்ந்த ரகமென்றால் குதிரை மயிரைக் கலந்து பின்னுகிறார்கள். அந்தக் கிண்ணத்தின் விளிம்பு இரண்டையும் விரலால் அழுத்தினால் ஒன்றையொன்று தொடும், உடையாது. மேலே பூச்சு; நிலவறையின் ஈரக் காற்றில் நாள்கணக்காக உலர்த்தல்; தேய்த்தல்; மறுபடி பூச்சு. பிறகு இரும்பு ஊசியால் கைப்போக்கில் கீறல். ஒரு நிறத்தை அப்பித் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் நிற்கும். அதை மூடிவிட்டு அடுத்த நிறத்துக்கு அடுத்த கீறல். நல்ல கலம் ஒன்று முடிய ஆறு மாதம் ஆகிவிடும்.

இந்த ஆறு மாதத்தைத்தான் பேரம் அழித்துவிடுகிறது. பாதிக்குப் பாதி கேள், அதுதான் அங்கே வழக்கம் என்று பயணக் கையேடு கற்றுக்கொடுக்கிறது. 'வழக்கம்' என்று சொல்லிவிட்டால் சுரண்டல் பண்பாடாகிவிடும். எதிர்வினையும் உடனே வந்தது: இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் செயற்கை வர்ணப் பூச்சு. அதைப் 'போலி' என்று கலாரசிகர் திட்டுகிறார். ஆறு மாத உழைப்புக்கு இரண்டு வாரக் கூலி கொடுத்தால் இரண்டு வாரப் பொருள்தானே கிடைக்கும்? போலி என்பது இங்கே அழகியல் குற்றமல்ல, கூலிக் கணக்கு.

அந்தக் கலத்தின் பின்னால் இன்னொன்றும் மறைந்திருக்கிறது. 1990இல் பழைய பகானில் கோயில்களுக்கு நடுவே வாழ்ந்த மக்களை ராணுவ அரசு குறுகிய அவகாசத்தில் கிளப்பி, தெற்கே வெட்டவெளியில் 'புதிய பகான்' என்று கொண்டுபோய் வைத்தது. அப்புறம் 1996ஐச் சுற்றுலா ஆண்டாக அறிவித்தார்கள். 2019இல் பகான் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. பாரம்பரியத்தைக் காட்ட, பாரம்பரியமாக அங்கே குடியிருந்தவன் இடைஞ்சல்! அவன் செய்த கலம் மட்டும் வேண்டும்.

3

சந்தையின் சொற்களும் சும்மா இல்லை. அன்ன வடிவத்திலும் சிங்க வடிவத்திலும் சின்னச் சின்ன வெண்கல எடைக்கற்கள் தட்டுத் தட்டாகக் கிடக்கும். 'ஓப்பிய எடைக்கல்' என்று விற்கிறார்கள். அவை எல்லாச் சரக்கையும் நிறுத்த எடைக்கற்கள். அதிலுள்ள அன்னம் ஹின்தா, நம் ஹம்சம்தான்; மோன் மக்களின் பெகுவுக்கு அதுவே சின்னம். அதன் தலையில் ஓப்பியத்தைக் கட்டியது யார்? இந்தியாவில் விளைந்த ஓப்பியத்தை உரிமம் கொடுத்த கடைகளின் வழியே பர்மாவில் விற்று வருமானம் பார்த்தது பிரிட்டிஷ் அரசு. விற்றவன் பெயர் மறைந்து, நிறுத்தவன் கையில் போதை ஒட்டிக்கொண்டது. கீழைத்தேயவியம் என்று எட்வர்ட் செய்த் 1978இல் நூல் எழுதிச் சொன்னதை ஒரு விலைச்சீட்டு இரண்டே சொல்லில் செய்துகாட்டுகிறது.

ஆர்வெல்லின் 'பர்மிய நாட்கள்' (1934) நாவலில் ஃபுளோரி தன் மனங்கவர்ந்த எலிசபெத்தைப் பர்மியச் சந்தைக்கு அழைத்துப்போகிறான். அவள் அருவருப்பில் சுருங்குகிறாள். அவளை வெள்ளை இனவெறிக்கும் அவனைத் தாராள மனத்துக்கும் உருவகமாக்கி வாசிப்பது வழக்கம். எனக்கு ஃபுளோரிதான் உறுத்துகிறான். அவன் மரக் கம்பெனிக்காரன். காட்டை வெட்டிப் பிழைப்பவன், சந்தையை ரசிக்கிறான். இன்றைய 'பொறுப்புள்ள பயணி'யின் மூதாதை அவன். அருவருப்பை அடையாளம் கண்டுவிடலாம். ரசனைக்குள் ஒளிந்திருக்கும் உடைமையுணர்வு சுலபத்தில் பிடிபடாது.

இந்த ரசனையின் கடைசி எல்லையில் மனித உடலே சரக்கு. கழுத்தில் பித்தளை வளையம் சுற்றிய கயான் பெண்களை 1930களில் இங்கிலாந்து சர்க்கஸுக்குக் கொண்டுபோனார்கள். போருக்குத் தப்பித் தாய்லாந்தின் மே ஹோங் ஸோன் பக்கம் வந்த கயான்கள் 1980களிலிருந்து கட்டண நுழைவு கொண்ட கிராமங்களில் காட்சிப்பொருள். நியூசிலாந்து ஏற்கத் தயாராக இருந்தும் சிலரைத் தாய்லாந்து அனுப்ப மறுக்கிறது என்று ஐ.நா. அகதிகள் அமைப்பு 2008இல் குறை சொல்ல வேண்டியிருந்தது.

ரங்கூனில் அரசு அமைத்த 'தேசிய இனங்கள் கிராம'த்தில் எட்டுப் பெரும் இனங்களுக்கு மாதிரி வீடுகள் உண்டு. ரோஹிங்கியாவுக்கு வீடு கிடையாது. 2017இல் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு விரட்டப்பட்டார்கள். 2019 டிசம்பரில் ஹேக் நீதிமன்றத்தில் அரசின் தரப்பில் வாதாடியவர் ஆங் சான் சூச்சி. எந்த இனத்துக்குக் காட்சிக்கூடத்தில் இடமுண்டோ அதுதான் இனம் என்றால், கைவினை என்பது குடியுரிமைச் சான்றிதழ்.

4

கல்லுக்கு வருவோம். மொகோக் மாணிக்கம் ஒருகாலத்தில் அரசனுடையது. பெரிய கல் கிடைத்தால் அரண்மனைக்குப் போயாக வேண்டும். 1885இல் மண்டலே விழுந்தது. 1889இல் லண்டனில் பர்மா ரூபி மைன்ஸ் கம்பெனி பிறந்து, 1931இல் குத்தகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது. 1962க்குப் பிறகு ராணுவம். அரசன், கம்பெனி, ஜெனரல் என்று மேலே இருப்பவர் மாறினார். குழிக்குள் இறங்குகிறவன் மாறவில்லை. 2024இல் தஆங் போராளிகள் மொகோக்கைக் கைப்பற்றியபோதும் குழி குழியாகவே இருந்தது.

பச்சைக்கல் இன்னும் மோசம். காச்சின் மலையில் பாகாந்த் சுரங்கங்களின் 2014ஆம் ஆண்டு உற்பத்தி 3100 கோடி டாலர் வரை இருக்கலாம், அது நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி என்று குளோபல் விட்னஸ் அமைப்பு 2015இல் கணக்கிட்டது. அந்த நவம்பரில் கழிவு மண்மேடு சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் புதைந்தார்கள். 2020 ஜூலை 2 அன்று மறுபடி, 170க்கும் மேல். செத்தவர்களில் பெரும்பாலோர் 'யேமசே', அதாவது இயந்திரம் கொட்டும் கழிவில் விட்டுப்போன கல்லைத் துழாவுகிறவர்கள். சந்தையில் ரசீது தருவார்கள், கல்லின் தரச் சான்றும் தருவார்கள். மேட்டுக்கடியில் கிடக்கிறவனுக்குச் சான்று தர ஆளில்லை.

அமெரிக்கா 2008இல் சட்டம் போட்டு இந்தக் கற்களைத் தடுத்தது, 2016இல் தடையை நீக்கியது, 2021 ஏப்ரலில் அரசின் ரத்தினக் கழகத்தின்மேல் மறுபடி தடை விதித்தது. வல்லரசின் அறம் ஏறி இறங்கும். நாம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நிலைப்பாடு எடுக்க முடியாது.

5

அப்படியானால் வாங்கக் கூடாதா? பர்மாவுக்குச் சுற்றுலாவே வேண்டாம் என்று சூச்சியின் கட்சி 1990களில் சொன்னது. 2010இல் அதைத் தளர்த்தியது. முழுப் புறக்கணிப்பின் சிக்கல், அது ஜெனரலையும் கலம் செய்பவரையும் ஒரே தட்டில் வைப்பது. 2021க்குப் பிறகு பயணிகள் வற்றினார்கள். 2025 மார்ச் 28இல் மண்டலே, சகாய்ங், அமரபுராவை நிலநடுக்கம் உலுக்கி மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பட்டு நெய்கிறவரும் பொற்தகடு அடிக்கிறவரும் வாழ்கிற ஊர்கள் அவை. அவர்களிடம் போய் 'கொள்கைக்காக வாங்கவில்லை' என்று சொல்லிப் பாருங்கள்.

பிரித்துத்தான் பார்க்கவேண்டும். கல் கூடாது. என்ன சான்று காட்டினாலும் கூடாது. குழியிலிருந்து கடை வரை அதன் பாதையில் துப்பாக்கி இருக்கிறது. கலத்தையும் துணியையும் செய்கிறவர் வாசலிலேயே, அவர் சொன்ன விலைக்கு வாங்கலாம். ஆனால் அதற்குத் தோழமை என்று பெயர் சூட்டிக்கொள்ள வேண்டாம். அது வியாபாரம், நியாயமான வியாபாரம், அவ்வளவுதான்.

இதைச் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். அரக்குக் கலம் செய்யும் மியின்கபா பக்கத்தில்தான், நானாதேசி விண்ணகர் என்ற விஷ்ணு கோயிலுக்கு மலைமண்டலத்து வணிகர் ஒருவர் அளித்த கொடையைச் சொல்லும் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. நாம் அங்கே பயணியாகப் போனவர்கள் அல்ல, வணிகராகப் போனவர்கள். 1930களின் விலை வீழ்ச்சியில் கடன் முறிந்து, 1938க்குள் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்பங்கு நிலம் செட்டியார் கைக்கு வந்தது. செட்டிநாட்டு வீட்டின் பர்மாத் தேக்குத் தூணும், காரைக்குடிப் பழம்பொருள் கடையில் இன்று விலைபோகும் பர்மா அரக்குக் கலமும் எந்த உழவனின் அடமானம் என்று அங்கே எழுதியிருக்காது.

இதே கதையின் மறுபக்கத்தில் கூலியாகப் போனவர்கள். 1942இல் காட்டு வழியே நடந்து செத்தவர்கள் போக, மிச்சமிருந்தவர்கள் 1960களில் நகையையும் காசையும் சுங்கத்தில் பறிகொடுத்துக் கப்பலேறினார்கள். சென்னைக் கடற்கரைச் சாலையில் அவர்கள் போட்ட கடைகளுக்குப் பர்மா பஜார் என்று பெயர் வந்தது. அங்கே வெளிநாட்டு ரேடியோவும் கடிகாரமும் விற்றன. பர்மியப் பொருள் என்று தேடினால் கிடைப்பது அரிது. நினைவுப்பொருள் எதையும் எடுத்துவர விடப்படாதவர்களின் தெரு அது. செட்டிநாட்டுத் தூணையும் அந்தத் தெருவையும் ஒருசேர வைத்து வாசிக்கிற விமர்சனம் தமிழில் இன்னும் எழுதப்பட வேண்டும். அதை எழுதாமல் ரங்கூன் சந்தையின் அறத்தைப் பேசுவது, ஃபுளோரி மாதிரி ரசித்துவிட்டுத் திரும்புவதுதான்.