இரண்டு கொடிகளும் ஓர் ஏக்கமும்

கொல்கத்தாவின் மைதான் பகுதியில் ஒரு சாலைக்கு கோஷ்டோ பால் என்று பெயர். அவருக்கு அங்கே சிலையும் உண்டு. 1930களின் நடுப்பகுதி வரை மோகன் பகான் அணியின் தடுப்பாட்டத்தைத் தாங்கியவர், பூட்ஸ் அணிந்த ஆங்கிலேயப் படையணிகளை வெறுங்காலோடு மறித்து நின்றவர், ‘சீனப் பெருஞ்சுவர்’ என்று பெயர் எடுத்தவர். 1962இல் பத்மஸ்ரீ பெற்றார். மேற்கு வங்கத்துப் பூர்வகுடிகளான ‘கோட்டி’களின் கிளப் என்று சொல்லப்படும் மோகன் பகானுக்கு அவர் குலதெய்வம். ஆனால் அவர் பிறந்தது கிழக்கு வங்கத்து ஃபரித்பூர் மாவட்டத்தில். அதே கிளப்பைத் தவிர வேறெங்கும் போகாத சுனி கோஸ்வாமி, 1962 ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றபோது அணித்தலைவராக இருந்தவர், பிறந்தது கிஷோர்கஞ்சில். இரண்டு ஊர்களும் இன்று வங்கதேசத்தில் இருக்கின்றன.

எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். கிழக்கு வங்கத்தவரான ‘பாங்கால்’களின் கிளப் ஈஸ்ட் பெங்கால். 1949 முதல் சில ஆண்டுகள் அதன் முன்கள வரிசையை ஆண்ட ஐவரை இன்றும் ‘பஞ்ச பாண்டவர்’ என்று கொண்டாடுகிறார்கள்: அகமது கான், அப்பாராவ், தன்ராஜ், சாலே, வெங்கடேஷ். ஒருவர்கூட வங்காளி அல்லர், எல்லோரும் தெற்கிலிருந்து போனவர்கள்.

கொல்கத்தாக் கால்பந்து ரசிகரிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு விஷயங்கள் உடனே வரும். ஒன்று, தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும் அப்பாவிடமிருந்து தனக்கும் வந்த கிளப் விசுவாசம். இன்னொன்று, நம் ஊர்ப் பையன்கள் ஆடிய காலம் போய்விட்டதே என்ற ஏக்கம். முதலாவது ஒரு பெரும் செல்வம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டாவது நேர்மையான உணர்வுதான், ஆனால் அது தவறான இடத்தில் தேடுகிறது. உள்ளூர் வீரனைப் பிறப்பு தரவில்லை. நகரத்தில் இருந்த சில ஏற்பாடுகள்தான் அவனை உருவாக்கின. அந்த ஏற்பாடுகளைக் கைவிட்டுவிட்டு அவனுக்காக ஏங்குவதால் ஒரு பையன்கூடக் களத்துக்கு வரப்போவதில்லை.

விசுவாசத்தின் வேரிலிருந்து தொடங்கலாம். 1889இல் பிறந்த மோகன் பகான், 1911 ஜூலை 29 அன்று இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் (ஐ.எஃப்.ஏ.) கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷைர் படையணியை 2-1 என்று வீழ்த்தியது. ஷிபதாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் கோல் அடித்தார்கள். ஒருவரைத் தவிர அத்தனை பேரும் வெறுங்காலோடு ஆடினார்கள். ஆட்சியாளனை அவனுடைய விளையாட்டிலேயே தோற்கடிக்க முடியும் என்று நாடே கண்ட நாள் அது. அன்றைக்கு அந்த அணி கோட்டிகளுக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை.

பிளவு வந்தது 1920இல். அந்த ஜூலையில் ஜோராபகான் கிளப், மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் கிழக்கு வங்கத்துக்காரரான சைலேஷ் போஸை அணியில் சேர்க்கவில்லை. கிளப்பின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி கோபித்துக்கொண்டு வெளியேறினார். சில நாட்களில், ஆகஸ்ட் 1 அன்று, ஈஸ்ட் பெங்கால் உருவானது. 1925இல் இரண்டும் லீக்கில் முதன்முறை மோதியபோது புதிய கிளப் 1-0 என்று வென்றது.

அப்போதும் அது நகரத்துக் கிளப்புகளுக்கு இடையிலான போட்டிதான். அதற்குக் கண்ணீரையும் பசியையும் ஏற்றியது 1947. வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு எல்லை தாண்டி வந்தவர்கள் பிஜய்கர், ஜாதவ்பூர் போன்ற இடங்களில் காலனிகள் அமைத்துக்கொண்டார்கள். ஊரில் அவர்களுக்கு உறவில்லை, அவர்கள் பேச்சுவழக்கே கேலிக்கு ஆளானது. அந்த நேரத்தில் இழந்த மண்ணின் பெயரைத் தாங்கி, நகரத்தின் நடுவில் தலைநிமிர்ந்து நின்றது ஒரே ஒரு கொடி: சிவப்பும் பொன்மஞ்சளும். அகதி முகாமிலிருந்து வந்தவர் சனிக்கிழமை கேலரியில் நிற்கும்போது யாருக்கும் தாழ்ந்தவரில்லை. அரசாங்கத்தின் எந்த மறுவாழ்வுத் திட்டமும் தராத மரியாதையை ஒரு கால்பந்துக் கிளப் தந்தது. இந்த விசுவாசத்தின் முதல் நன்மை இதுதான், ஆழமான நன்மையும் இதுதான்.

இரண்டு கிளப்புகளும் மோதும் நாளில் கொல்கத்தா மீன் சந்தையைப் பார்த்தால் இந்த விசுவாசம் எவ்வளவு தூரம் வீட்டுக்குள் போயிருக்கிறது என்று தெரியும். ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீன் விலை ஏறும், மோகன் பகான் வென்றால் இறாலுக்குக் கிராக்கி. பத்மா ஆற்றின் நினைவு இலிஷில் இருக்கிறது. இறால் கோட்டி வீட்டுச் சமையலின் பெருமை. வென்ற அணியின் ரசிகர் மூக்கணாங்கயிறு போல நார் கோத்த மீனைத் தூக்கிப் பிடித்தபடி தெருவில் நடப்பார். தோற்றவர் வீட்டில் அன்று அடுப்பு மெதுவாகத்தான் எரியும். 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் சால்ட் லேக் மைதானத்துக்கு 1,31,000 பேருக்கு மேல் வந்தார்கள். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. அத்தனை பேரையும் ஒரே இடத்துக்கு இழுத்து வந்தது விளம்பரம் அல்ல.

இரண்டாவது நன்மை: இந்த விசுவாசம் பணத்துக்கு எல்லை போடுகிறது. 2020இல் மோகன் பகான், 2014இல்தான் தொடங்கிய ஏ.டி.கே. என்ற கிளப்போடு இணைக்கப்பட்டது. 131 வயதான கிளப்பின் பெயருக்கு முன்னால் ஆறு வயதான பெயர் வந்து உட்கார்ந்தது. ரசிகர்கள் அதை ஏற்கவில்லை. பதாகை, ஊர்வலம், புறக்கணிப்பு என்று விடாமல் எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையை வென்ற மேடையிலேயே உரிமையாளர் அந்த முன்னொட்டை நீக்குவதாக அறிவித்தார். ஈஸ்ட் பெங்கால் தரப்பிலும் 2021 ஜூலையில் முதலீட்டாளரோடு ஒப்பந்தம் இழுபறியானபோது ரசிகர்கள் கிளப் வாசலில் திரண்டு போலீஸ் தடியடி வாங்கினார்கள். கிளப்பை வாங்குபவர் அதன் நினைவுகளையும் சேர்த்து வாங்கிவிட முடியாது என்பதை இந்தியாவில் இவ்வளவு உரக்கச் சொன்னவர்கள் வேறு யாருமில்லை.

மூன்றாவது நன்மையை 2024 ஆகஸ்ட் காட்டியது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பணியிலிருந்த பெண் மருத்துவர் கொல்லப்பட்டதை எதிர்த்து நகரமே கொதித்துக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 18 அன்று இரண்டு கிளப்புகளும் மோத இருந்த டூரண்ட் கோப்பை ஆட்டம் பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டது. ஆட்டம் இல்லாத மைதானத்தின் வாசலுக்கு இரு கிளப் ரசிகர்களும் வந்தார்கள், நகரத்தின் மூன்றாவது பெரிய கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங்கின் ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். மோகன் பகான் சட்டை போட்டவர் தோளில் ஈஸ்ட் பெங்கால் சட்டை போட்டவர் ஏறி நின்று நீதி கேட்டார். மோகன் பகான் அணித்தலைவர் சுபாஷிஷ் போஸும் வந்து நின்றார். தடியடிக்குப் பிறகும் கூட்டம் கலையவில்லை. நூறாண்டுப் பகைக்கு அடியில் நூறாண்டுப் பழக்கமும் இருந்திருக்கிறது.

இவ்வளவு நன்மைகளையும் ஒரு தட்டில் வைத்த பிறகு, மறுதட்டையும் மறைக்காமல் நிரப்ப வேண்டும். 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸில் இரண்டு கிளப்புகளும் மோதிய ஆட்டம். களத்தில் இரண்டு வீரர்கள் மோதிக்கொள்ள, இருவருக்கும் சிவப்பு அட்டை. கேலரியில் இரு தரப்பு ரசிகர்களும் பிரிக்கப்படாமல் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். அடிதடி தொடங்கியது, பிறகு நெரிசல். 16 பேர் வீடு திரும்பவில்லை. ஆண்டுதோறும் அந்த நாளில் கொல்கத்தாவில் ரத்ததானம் நடக்கிறது. நல்ல அஞ்சலிதான். ஆனாலும் 2012 டிசம்பரில் சால்ட் லேக்கில் கேலரியிலிருந்து பறந்த கல் மோகன் பகான் வீரர் ரஹீம் நபியின் முகத்தைப் பதம் பார்த்தது. அணி இடைவேளைக்குப் பிறகு களமிறங்கவில்லை, அதற்குத் தடையும் அபராதமும் வந்தன. ஒரு தோல்வியை உயிர்போகும் இழப்பாகச் சித்திரிக்கும் பேச்சுதான் அந்தக் கல்லைக் கையில் எடுத்துக் கொடுக்கிறது. அந்தப் பேச்சை வீரம் என்று எழுதிவந்த பத்திரிகைகளுக்கும் இதில் பங்கு உண்டு.

கல்லைவிட ஆழமாகப் பதிவது சொல். ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களை முள்வேலி தாண்டி வந்தவர்கள் என்று பழிப்பது கேலரியில் இன்றும் தொடர்கிறது. ஆட்டத்தைப் பற்றிய கேலி ஆட்டத்தோடு போகும். வீடிழந்ததை வைத்துச் செய்யும் கேலி மூன்றாம் தலைமுறைக்கும் போகிறது. குடியுரிமைச் சட்டத் திருத்தம் குறித்து நாடு கொந்தளித்த 2020 ஜனவரியில், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் இந்த மண்ணைக் காகிதம் கொடுத்து அல்ல, ரத்தம் கொடுத்து வாங்கினோம் என்ற பொருளில் பெரும் பதாகை விரித்தார்கள். அந்தக் காயம் ஆறவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இருவர் சண்டையில் மூன்றாமவர் மறைந்துபோவது இன்னொரு குறை. கல்கத்தா லீக்கை முதலில் வென்ற இந்திய அணி முகமதன் ஸ்போர்ட்டிங். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. வங்கத்துக்கு வெளியிலிருந்தும் வீரர்களைத் தேடிச் சேர்த்தது. மழைக்காலச் சேற்றில் பூட்ஸ் அணிந்து ஆடும் வழக்கத்தைப் பரப்பியது. நகரம் முழுவதும் பெருமைப்பட வேண்டிய இந்தச் சாதனை ஒரு சமூகத்தின் கணக்கில் மட்டும் எழுதப்படுகிறது. உள்ளூர்ப் பெருமை பேசுகிறவர்கள் தங்கள் ஊருக்குள் யார் யாரைச் சேர்க்கிறார்கள் என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி அந்த ஏக்கத்துக்கு வருவோம். பழைய ரசிகர்கள் நினைவுகூர்வது வெறும் ஆட்டத்தை அல்ல. காலையில் வங்கியிலோ துறைமுகத்திலோ ரயில்வேயிலோ வேலை பார்த்துவிட்டு மாலையில் மைதானத்துக்கு வந்த மனிதரை நினைவுகூர்கிறார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கையில் அவரைப் பார்த்திருப்பார்கள். பி.கே. பானர்ஜி இரண்டு பெரிய கிளப்புகளுக்கும் ஆடவேயில்லை. ஈஸ்டர்ன் ரயில்வே அணிக்கு ஆடி, 1958இல் அதை லீக் சாம்பியன் ஆக்கினார். பொதுத்துறை வேலை வீரருக்கு வயிற்றையும் எதிர்காலத்தையும் பார்த்துக்கொண்டது. ஜார்ஜ் டெலிகிராஃப், ஏரியன், கிதிர்பூர், உவாரி போன்ற சின்ன கிளப்புகள் பையன்களை வளர்த்துப் பெரிய கிளப்புகளுக்கு அனுப்பின. இந்த இரண்டு தூண்களும்தான் உள்ளூர் வீரனைத் தாங்கின. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகள் அருகி, ஆட்டத்தின் மையம் கல்கத்தா லீக்கிலிருந்து ஐ.எஸ்.எல்.லுக்கு நகர்ந்ததும் தூண்கள் சாய்ந்தன. வெளிநாட்டு வீரர்கள் வந்ததால்தான் நம் பையன்கள் காணாமல் போனார்கள் என்ற புலம்பல் விளைவைக் காரணமாக எடுத்துக்கொள்கிறது.

ஏக்கம் சிலவற்றை வசதியாக மறக்கவும் செய்கிறது. அந்த நாளின் வீரர்கள் கிளப் மாறாத சத்தியசந்தர்கள் என்பது எல்லோருக்கும் பொருந்தாது. ‘இந்திய மரடோனா’ என்று கொண்டாடப்பட்ட கிருஷாணு தே மோகன் பகானிலிருந்துதான் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். வீரர் மாற்றப் பருவத்தில் வீரர்களை எதிராளி கையில் சிக்காமல் ஒளித்துவைத்த கதைகளை நகரம் இன்னமும் சொல்லிச் சொல்லி ரசிக்கிறது. மறுபக்கம், ஈரானிலிருந்து வந்த மஜித் பிஷ்கார் 2019இல் ஈஸ்ட் பெங்கால் நூற்றாண்டு விழாவுக்குத் திரும்பியபோது விமான நிலையத்தில் பெருங்கூட்டம் காத்திருந்தது. பிரேசில்காரரான பாரெட்டோவை மோகன் பகான் ரசிகர்கள் தங்கள் பச்சைக் கிளியாகவே வைத்திருக்கிறார்கள். ரசிகர்களின் அன்பு பிறந்த ஊரைக் கேட்கவில்லை என்பதற்கு அவர்களுடைய நெஞ்சே சான்று.

அப்படியானால் உள்ளூர் வீரன் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். பக்கத்துத் தெருப் பையன் அந்தச் சட்டையைப் போடும்போது அந்தத் தெருவின் நூறு பையன்களுக்கு ஒரு வழி தெரிகிறது. ஸ்பெயினில் பில்பாவோ நகரத்து அத்லெட்டிக் கிளப் நூறாண்டுக்கும் மேலாக பாஸ்க் நிலத்தில் பிறந்தவர்களையும் அங்கே வளர்ந்து பயின்றவர்களையும் மட்டுமே ஆடவைக்கிறது. அங்கே விதி மட்டும் இல்லை, லெசாமா என்ற பயிற்சிக்கூடமும் இருக்கிறது. 1971 முதல் அது பையன்களை உருவாக்கித் தருகிறது. 2024இல் அந்த அணி 40 ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்பெயின் அரசர் கோப்பையை வென்றது. அந்தக் கொள்கைக்கும் விலை உண்டு: கோப்பைகளுக்காக நெடுங்காலம் காத்திருக்க வேண்டும், யார் பாஸ்க் என்ற விவாதம் ஓயாது. ஆனால் அவர்கள் வெறுமனே ஏங்காமல், தாங்கள் விரும்பும் வீரனை உருவாக்கச் செலவழிக்கிறார்கள். கல்கத்தா லீக்கிலும் மண்ணின் வீரர்களைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆடவைக்க வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. நல்ல தொடக்கம். பயிற்சிக்கூடமும் பிழைப்புக்கு வழியும் இல்லாவிட்டால் அந்த விதி ஒரு எண்ணிக்கையை நிரப்புவதோடு நின்றுவிடும்.

திறமைக்குப் பஞ்சம் இல்லை என்பதற்கு 2024 டிசம்பர் 31 சாட்சி. ஹைதராபாத்தில் சந்தோஷ் கோப்பை இறுதியாட்டத்தில் வங்கம் கேரளத்தை 1-0 என்று வென்றது, அது 33வது கோப்பை. கடைசி நிமிடங்களில் கோல் அடித்தவர் ரோபி ஹன்ஸ்தா, பூர்வ பர்தமான் மாவட்டத்துக் கிராமத்து இளைஞர். வென்ற வீரர்களுக்கு மாநில அரசு வேலை கொடுத்தது. பழைய தூண்களில் ஒன்றை மறுபடி நட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது.

என் முடிவு இது. கிளப் விசுவாசம் காப்பாற்றப்பட வேண்டிய மரபு. வீடிழந்தவர்களுக்கு அது முகவரி கொடுத்தது, பணத்துக்குக் கடிவாளம் போட்டது, நகரத்துக்கு நியாயம் கேட்கும் குரலைத் தந்தது. அதிலிருந்து இனப் பழிப்பையும் வன்முறையையும் ரசிகர்களே தங்கள் கேலரியிலிருந்து விரட்ட வேண்டும், போலீஸால் அது முடியாது. ஏக்கத்தையோ கைவிடத் தேவையில்லை, திசை மாற்றினால் போதும். ஒரு முன்னொட்டை நீக்க மூன்று ஆண்டுகள் விடாமல் போராடிய அதே ரசிகர்கள், சிறுவர் அணிக்கு எவ்வளவு செலவழித்தீர்கள் என்று ஒவ்வொரு கிளப் தேர்தலிலும் கேட்கட்டும். சின்ன கிளப்புகளின் லீக் ஆட்டத்துக்குச் சீட்டு வாங்கிப் போகட்டும். அந்த ஆட்டக்காரன் பாங்காலா கோட்டியா சந்தால் பழங்குடியா முஸ்லிமா என்று கேட்காமல் கைதட்டட்டும். இந்த மூன்றையும் செய்யும் ரசிகருக்குத்தான் உள்ளூர் வீரன் எங்கே போனான் என்று கேட்கும் முழு உரிமை இருக்கிறது, அவருக்குத்தான் அந்தக் கேள்விக்குப் பதிலும் கிடைக்கும்.