ஆலயத்து வெள்ளியும் ராமாவின் கற்களும்

பின்மாற்றத்தைப் பற்றிப் பிரசங்கிக்க எழுபவர்கள் அடிக்கடி கைநீட்டிக் காட்டுவது யூதாவின் ராஜாவான ஆசாவை. பிரசங்கம் பெரும்பாலும் ஒரே தடத்தில் போகும். இளமையில் விக்கிரகங்களை உடைத்தான். பத்து லட்சம் பேரோடு வந்த எத்தியோப்பியனான சேராவை ஜெபத்தால் வென்றான். வயது ஏற ஏற ஆதி அன்பு ஆறிப்போய்ச் சீரியாவிடம் துணை தேடினான். கடைசியில் காலில் நோய் கண்டு, கர்த்தரை விட்டுப் பரிகாரிகளிடம் போனான். தொடக்கத்து வெற்றி முடிவுக்கு ஜாமீன் ஆகாது என்று சொல்கிற அளவில் இந்தப் பிரசங்கம் பலமானது. பழைய சாட்சியைச் சொல்லியே காலம் ஓட்டுகிறவர்களுக்கு அது உறைக்கத்தான் வேண்டும். ஆனால், பக்தியின் சூடு குறைவதே வீழ்ச்சிக்குக் காரணம் என்று அது முடிக்கும்போது வேதபாடம் ஒத்துழைப்பதில்லை.

ஆசா உடன்படிக்கை செய்தது தன் 15ஆம் ஆண்டில் என்கிறது 2 நாளாகமம். இஸ்ரவேலின் ராஜா பாஷா ராமாவைக் கட்டி வழியை அடைத்தது 36ஆம் ஆண்டில். இடையிலிருந்த அமைதியான இருபது ஆண்டுகளில் ஆசா மெல்ல ஆறிப்போனான் என்பது பிரசங்கக் கணக்கு. 1 இராஜாக்களின்படியோ, பாஷா ஆசாவின் 26ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டான். அந்த 36ஐ ராஜ்யம் பிரிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பார்கள் உரைகாரர்கள் சிலர். ஆசாவுக்கு முன் யூதாவை ஆண்ட ரெகொபெயாமுக்கு 17, அபியாவுக்கு 3 கழித்தால் ஆசாவுக்கு அது 16ஆம் ஆண்டு. இந்தக் கணக்கும் முழுக்கச் சிக்கலற்றதல்ல. சரியென்று கொண்டாலோ, ஆறிப்போக அவகாசமே இருந்திருக்காது. தகப்பனும் தானும் நேர்ந்துகொண்ட வெள்ளியையும் பொன்னையும் ஆலயத்தில் கொண்டுவந்து வைத்தவன், மறுவருஷமே அந்த ஆலயப் பொக்கிஷத்தைத் திறந்து பாஷாவை விலகச் செய்யும்படி தமஸ்குவிலிருந்த சீரியாவின் ராஜா பெனாதாத்துக்கு அனுப்பியிருக்கிறான்.

அந்த ஏற்பாடு பலித்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். பாஷா வேலையை நிறுத்திவிட்டுப் போனான். ராமாவில் கிடந்த கற்களையும் மரங்களையும் யூதா ஜனங்கள் சுமந்துவர, அவற்றைக் கொண்டே ஆசா கேபாவையும் மிஸ்பாவையும் கட்டினான். கண்ணெதிரே கோட்டை எழும்பி நிற்கும்போது, ‘நீ செய்தது தவறு’ என்று வந்து நின்ற ஞானதிருஷ்டிக்காரனாகிய அனானியின் பேச்சு எப்படி ஏறும்? ஆசா அவனைக் காவலறையில் போட்டான். ஜனங்களில் சிலரையும் ஒடுக்கினான்.

அப்படியானால் அனல் குறைவதைப் பொருட்படுத்த வேண்டாமா என்று கேட்கலாம். குறைந்தால் வருத்தம்தான், சந்தேகமில்லை. ஆனால் அனல் குறைந்ததாக ஆசாவின்மேல் வேதம் குற்றம் சாட்டவே இல்லை. வேறொருவனைச் சார்ந்தான் என்றுதான் சாட்டுகிறது. பழைய பரவசம் போன பிறகும் முழங்காலில் நிற்கிறவரை ஆசாவோடு ஒரே வரிசையில் நிறுத்துவது அநியாயம். பரிகாரிகளைத் தேடினான் என்ற வசனத்தை மருத்துவத்துக்கு எதிராகப் பிடிப்பதும் அப்படித்தான். எசேக்கியாவின் பிளவைக்கு அத்திப்பழப் பற்று போடச் சொன்னவன் ஏசாயா தீர்க்கதரிசி. லூக்காவை வைத்தியன் என்று அன்போடு குறிப்பிடுகிறவர் பவுல். கர்த்தரைத் தேடாததே ஆசாமேல் உள்ள புகார்.

ஆசா 41ஆம் ஆண்டில் இறந்தான். சுகந்தவர்க்கங்கள் நிறைந்த மெத்தையில் கிடத்தி, அவனுக்காகப் பெருந்தீ வளர்த்தார்கள். அனானி காவலறையிலிருந்து வெளியே வந்ததாக மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.