பெட்டகம் டீப்பாய் ஆகும்போது

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குச் செட்டிநாட்டு வீடுகள் துண்டுதுண்டாக வந்து சேர்கின்றன. அங்கிருந்து நகரத்து வீடுகளுக்கும் ஓட்டல்களுக்கும் போகும்போது அவற்றின் வேலை மாறுகிறது. நிலைக்கதவு சாப்பாட்டு மேசையாகிறது. ஜன்னல் சட்டத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி பதிக்கிறார்கள். பெட்டகம் டீப்பாய் ஆகிறது.

இதை ஒரேயடியாகப் பழிப்பதற்கில்லை. ஒரு வீட்டுக்கு இன்று பல பங்காளிகள். சென்னையில் சிலர், சிங்கப்பூரில் சிலர். ஓடு மாற்றவும் ஒழுகல் அடைக்கவும் ஆகும் செலவை யார் ஏற்பது என்று முடிவாவதற்குள் கூரை இறங்கிவிடுகிறது. இடித்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலையில், பர்மாத் தேக்கு அடுப்புக்குப் போகாமல் யாரோ ஒருவரின் கூடத்தில் நிற்பது நல்லதே. பழைய இணைப்பைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஆசாரிகளுக்கும் அதனால் வேலை கிடைக்கிறது.

ஆனால் மரம் பிழைத்தால் போதுமா? கணக்குப்பிள்ளை மேசையைப் பாருங்கள். தரையில் சம்மணமிட்டு அமர்ந்தவர் எழுதுவதற்காகத் தாழ்வாக, சரிந்த பலகையோடு செய்தது அது. அதன்மேல் விரித்த பேரேடுகளின் கதை கடல் கடந்தது. 1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமானபின் அங்கே நெல் விளைச்சல் பெருகியது. உழவர்களுக்குக் கடன் கொடுத்தவர்களில் செட்டிநாட்டு நகரத்தார் முதன்மையானவர்கள். 1930களில் நெல் விலை வீழ்ந்து கடன் திரும்பாதபோது, ஈடாக வைத்த நிலங்கள் கைமாறின. 1938 வாக்கில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு, பிறகு நிலங்கள் நாட்டுடைமை. அந்தச் செல்வமும் போயிற்று. கடல் கடந்து கடன் கொடுத்தவரின் துணிச்சல், நிலமிழந்த பர்மிய உழவரின் துயரம், வந்த வழியே போன பணம் மூன்றும் சேர்ந்ததுதான் அந்த மேசையின் சரித்திரம். இன்று அது மடிக்கணினி மேசையாக, ‘அரண்மனை அழகு’ என்ற ஒற்றை விளம்பரத்தோடு விற்கப்படுகிறது. அதை அரைகுறை உண்மை என்றுதான் சொல்வேன்.

பெண்களின் சரித்திரம் இன்னும் எளிதாகத் தொலைகிறது. தாய் வீட்டுச் சீராக வந்த பாத்திரங்களும் பெட்டிகளும் மணமான பெண்ணுக்கே உரிய சொத்து. தம்பதிக்கென்று வளவு எனும் உள்முற்றத்தை ஒட்டி ஒதுக்கிய அறையில் அவை இருந்தன. சீர் பிரிந்து பத்துக் கடைகளுக்குப் போனபின், எது யாருடையது என்று சொல்ல யாருமில்லை.

மறுபயன்பாட்டிலும் தரம் உண்டு. கதவின் மேல் கண்ணாடி வைத்து மேசையாக்கினால், பின்னொரு நாள் அதை எடுத்துவிட்டுக் கதவாகவே மாட்டலாம். சிற்பப் பலகையை அறுத்துச் சுவர் அலங்காரமாக்கினால் மீட்பே இல்லை. முதலாவதை வரவேற்கலாம், இரண்டாவது அழிவுதான். முட்டுக்காட்டின் தட்சிணசித்ரா, செட்டிநாட்டு வீடொன்றைப் பகுதிகளாகக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறது. எந்தத் தூண் எங்கே நின்றது என்பது அங்கே விளங்குகிறது. எல்லா வீட்டுக்கும் அது முடியாது. ஆனால் இடிக்குமுன் ஒவ்வோர் அறையையும் படமெடுத்து வைக்க எந்தக் குடும்பத்தாலும் முடியும்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எந்த ஊர், வீட்டின் எந்தக் கட்டு, எதற்குப் பயன்பட்டது என்று கடைக்காரரிடம் எழுதி வாங்குங்கள். அந்தத் தாளைப் பெட்டகத்துக்குள்ளேயே ஒட்டி வையுங்கள். அறுத்த துண்டை வாங்காதீர்கள்.