சான்றும் ஐயமும்: சுஜாதாவின் துப்பறியும் புதினங்களில் வழக்கறிஞர்

முன்னுரை

தமிழில் துப்பறியும் கதை ஒரு நூற்றாண்டைக் கடந்த இலக்கிய வகை. ச. ம. நடேச சாஸ்திரி 1894-இல் படைத்த தானவன் ஒரு போலீஸ் நிபுணன். அவனுக்குப் பின் ஜே. ஆர். ரங்கராஜுவின் கோவிந்தன், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், தமிழ்வாணனின் சங்கர்லால் எனத் துப்பறிவோரின் மரபு நீண்டது. தொழிலாலும் தோற்றத்தாலும் இவர்கள் வேறுபட்டவர்கள். எனினும், இவர்கள் கண்டறிந்து கூறுவதே இறுதி உண்மை என்னும் நம்பிக்கையே இக்கதைகளைப் பொதுவாகத் தாங்கி நிற்கிறது. சுஜாதாவின் கணேஷ் இந்நம்பிக்கையைத் தளர்த்தினான். அம்மாற்றத்தின் இயல்பையும் அதன் எல்லைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எழுத்தாளரின் இரு பணிகள்

சுஜாதா என்னும் எஸ். ரங்கராஜன் (1935–2008) எழுத்தை முழுநேரத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். திருவரங்கத்தில் வளர்ந்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் பயின்று, விமானப் போக்குவரத்துத் துறையிலும் பின்னர் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திலும் பணியாற்றினார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்குப் பங்குண்டு. குமுதம் ஆசிரியர் குழுவில் ரா. கி. ரங்கராஜன் இருந்தமையால் பெயர்க் குழப்பத்தைத் தவிர்க்க மனைவியின் பெயரைப் புனைபெயராக்கிக் கொண்டார்.

இவ்விரு பணிகளையும் தொடர்பற்றவையாகக் காண்பது வழக்கம். ஆயின் பொறியாளரின் வினாவும் வழக்கறிஞரின் வினாவும் ஒன்றே: கூறப்படுவதை எவ்வாறு சோதிப்பது? இயந்திரம் சரியாக இயங்குகிறது என்ற நம்பிக்கை மட்டும் போதாது. அதைச் சோதித்துக் காட்ட வேண்டும். சாட்சியத்துக்கும் இது பொருந்தும். கணேஷின் குறுக்கு விசாரணைகளில் வெளிப்படுவது இச்சோதனை மனமே.

நிரூபணம் என்னும் சிக்கல்

குமுதத்தில் 1968-இல் தொடராக வந்த 'நைலான் கயிறு' கணேஷின் முதல் வருகை. இதில் அவன் துப்பறிவாளனாக அன்றி, கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்காக வாதாடும் வழக்கறிஞனாகவே தோன்றுகிறான். உண்மைக் குற்றவாளியைத் தேடித் தருவது அவன் கடமையன்று. அரசுத் தரப்பின் சான்றுகளில் ஐயத்தை எழுப்புவதே அவன் கடமை. மறுபுறம், சுனந்தா என்ற பெண்ணின் நாட்குறிப்புப் பகுதிகள் கதையினூடே இடம்பெறுகின்றன. நீதிமன்றத்தில் பேசப்படாத துயரொன்றை வாசகர் இவற்றின் வழியே அறியத் தொடங்குகின்றனர். இவ்வாறு சட்டம் நிறுவும் உண்மையும் நிகழ்ந்த உண்மையும் இரு வேறு தடங்களாகப் பிரிகின்றன. இப்பிரிவே சுஜாதா இவ்வகைக்கு அளித்த கொடை.

'கொலையுதிர் காலம்' இச்சிக்கலை வேறொரு தளத்துக்கு உயர்த்துகிறது. சொத்துக்கு உரிமை பெறவிருக்கும் இளம்பெண் லீனாவைச் சுற்றி நிகழும் கொலைகளுக்குக் காரணம் ஆவியா, ஹோலோகிராம் போன்ற அறிவியல் உத்தியா என்ற வினா புதினம் முழுவதும் நீடிக்கிறது. கணேஷ் அறிவியல் விளக்கத்தைப் பற்றி நிற்க, உதவியாளன் வசந்த் அதை ஏற்கத் தயங்குகிறான். முடிவில் விளக்கம் கிடைத்தபோதும் ஐயம் முற்றாக அகலுவதில்லை. அறிவியலைத் தமிழில் பரப்புவதை வாழ்நாட் பணியாகக் கொண்ட ஒருவர், அறிவியலின் தீர்ப்பையே திறந்து விட்டது அவர்தம் நேர்மையைக் காட்டும்.

'நிர்வாண நகரம்' இன்னும் ஒருபடி செல்கிறது. சென்னை மாநகரின் அலட்சியத்தால் புண்பட்ட பட்டதாரி இளைஞன் ஒருவன் அந்நகரையே பழிவாங்க முனைகிறான். இங்குக் குற்றவாளி யார் என்பதைவிட, அவனை உருவாக்கியது எது என்பதே முதன்மை பெறுகிறது.

தொடர்கதை வடிவமும் எல்லைகளும்

இப்புதினங்களிற் பெரும்பாலானவை வார இதழ்த் தொடர்களாக எழுந்தவை. வாரந்தோறும் ஒரு திருப்பம் தேவைப்பட்டமையால் உரையாடல் சுருங்கியது, வருணனை குறைந்தது, தமிழ் உரைநடை விரைவு பெற்றது. இது ஆக்கம். அதே தேவையே குறைகளுக்கும் காரணமாயிற்று. தற்செயல் நிகழ்வுகளால் முடிச்சுகள் அவிழ்வதும், இறுதி அத்தியாயங்கள் அவசரமாக முடிவதும் பலவிடத்துக் காணப்படுகின்றன. பெண் பாத்திரங்கள் பெரிதும் பலியாகவோ காட்சிப் பொருளாகவோ நிற்கின்றனர். வசந்தின் குறும்புப் பேச்சு, வாசகரை ஈர்த்த அளவுக்குப் பெண்ணை நோக்கும் பார்வையைக் குறுக்கவும் செய்தது. சான்றைச் சோதிக்கத் தவறாத அப்புதினங்கள் இப்பார்வையை மட்டும் சோதிக்கவில்லை.

முடிவுரை

தமிழ்த் திறனாய்வு இவ்வகையை நெடுங்காலம் பொழுதுபோக்கு என ஒதுக்கியது. ராஜேஷ்குமார் முதலிய குற்றப் புதின ஆசிரியர்களின் படைப்புகளுட் சில, 2008-இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஆங்கிலத் தொகுப்பொன்றின் வழியே பிறமொழி வாசகரை எட்டின. மொழிபெயர்ப்பு வழியாக மதிப்புப் பெறும் ஒரு வகையின் மூலச் சான்றுகளோ மலிவுத் தாளில் மடிந்துகொண்டிருக்கின்றன. நூலாக்கத்தில் அத்தியாய முறிவுகள் தம் வாரக் காத்திருப்பை இழக்கின்றன. ஓவியங்களும், பக்கத்து விளம்பரங்களும், வாசகர் கடிதங்களும் மறைகின்றன. தொடர்கதை எவ்வாறு வாசிக்கப்பட்டது என்பதற்கு இவையே சான்று. எனவே தமிழ் நூல்களைத் திரட்டும் அயல்நாட்டு ஆய்வு நூலகங்கள் கட்டடம் செய்த நூலோடு நின்றுவிடாது, வார இதழ்களையும் மாத நாவல்களையும் சேர்த்துப் பேணுதல் வேண்டும். சான்றின்றி எதையும் ஏற்க மறுத்த ஒரு வழக்கறிஞனின் வரலாற்றை எழுதுவோர்க்கும் சான்று வேண்டுமன்றோ?