நல்ல அகதிக்கு மட்டும்தானா இடம்?

எம்மைப் பற்றிய படமொன்று வெளியாகும் போதெல்லாம் புகலிடத்தில் ஒரே விவாதம்தான் நடக்கிறது: பேச்சுமொழி சரியா, பிழையா? 'டூரிஸ்ட் பேமிலி' (2025) பார்த்தபின் நண்பர்கள் நால்வர் கூடியபோதும் இதுவே நடந்தது. "சசிகுமார் கதைக்கிறது எங்கட தமிழே இல்லை" என்றார் ஒருவர். "அதை விடுங்கோ, கடைசியில நான் அழுதிட்டன்" என்றார் இன்னொருவர். உச்சரிப்புக்கும் கண்ணீருக்கும் இடையில் படத்தின் அரசியல் பேசப்படாமலே போயிற்று.

அபிஷன் ஜீவிந்தின் இம்முதற்படம் மனிதநேயமுள்ளது என்பதில் ஐயமில்லை. பொருளாதார நெருக்கடியால் இலங்கையைவிட்டுப் படகேறும் குடும்பமொன்று சென்னையில் தன் அடையாளத்தை மறைத்து வாழ்கிறது. அயலவரின் துயரங்களில் பங்குகொள்கிறது. அந்த அன்பே இறுதியில் அவர்களைக் காக்கிறது. எம்மைப் போராளியாகவோ பிணமாகவோ மட்டும் காட்டாமல், வீட்டுக்கும் வேலைக்கும் அலையும் மனிதராகக் காட்டியது வரவேற்கத்தக்கதே.

ஆனால் அந்தத் தர்மதாஸ் ஒரு சிடுமூஞ்சியாக, குடிகாரனாக, எவரோடும் முகம்கொடுத்துப் பேசாதவனாக இருந்திருந்தால்? அவனைக் காக்கப் படத்திடம் நியாயம் ஏதுமில்லை. தங்கியிருக்கும் உரிமை நற்குணத்துக்கான பரிசாகிவிடுகிறது. 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் இந்தியா ஒப்பமிடவில்லை. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கைத் தமிழரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1983க்குப் பின் கடல் கடந்தவர்களின் பிள்ளைகள் தமிழகத்து முகாம்களிலேயே பிறந்து வளர்ந்தார்கள். அவர்களுடைய அயலவர் அன்பற்றவர்கள் என்பதாலா இந்த நிலை?

"சினிமா சட்டப்புத்தகமல்ல. வெறுப்பு மலிந்த காலத்தில் அன்பைச் சொல்வதும் அரசியல்தான்" என்று ஒரு நண்பர் மறுத்தார். இதை இலேசில் தள்ளிவிட முடியாது. ஆயினும் ஜாக் ஓடியாரின் 'தீபன்' (2015) வேறொன்றைச் செய்தது. அதன் யாழினி, இறந்தவளின் கடவுச்சீட்டில் பிரான்ஸ் வருகிறாள். தனக்குப் பிறவாத பிள்ளையிடம் எரிந்து விழுகிறாள். எல்லாரையும் விட்டு இங்கிலாந்துக்குப் போய்விடப் பார்க்கிறாள். இறுதித் துப்பாக்கிச் சண்டையும் இங்கிலாந்துக் கனவும் அப்படத்தைக் கெடுத்தன என்பது என் கருத்து. ஆனால் யாழினி எம்மிடம் நற்சான்றிதழ் கேட்கவில்லை. நல்லவளாக இல்லாமலே புகலிடம் கோருகிறாள்.

ஒருகாலத்தில் விரிவுரையாளனாக இருந்த நான் இன்று தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறேன். "நீங்கள் தமிழர் நல்லவர்கள், மற்ற வெளிநாட்டவர் போலல்ல" என்று மேற்பார்வையாளர் புகழும்போது, பக்கத்தில் நிற்கும் எரித்திரிய நண்பரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறார். எமக்குக் கிடைக்கும் நற்பெயரின் விலையை அவர் கட்டுகிறார்.

உச்சரிப்புப் பிழைகளைத் திருத்துவது சுலபம். இந்தப் புகழ்ச்சியை எமது சினிமாவும் நாமும் ஏன் இவ்வளவு விரும்புகிறோம் என்பதே விவாதிக்கப்பட வேண்டியது.