எஸ்லோன் குழாயில் ஒரு முன்கை

ரிமோட் காரில் முதலில் உடைவது முன்சக்கரத்தைத் தாங்கும் கைதான். சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் தொழிலாளர் லயத்துக்குப் போகும் பாதை கல்லும் படியும் கானும். மலிவான பிளாஸ்டிக் அதில் அதிக நாள் தாங்காது. அந்தக் கையை மட்டும் தனியாகக் கடையில் வாங்கவும் முடியாது.

எஸ்லோன் (பிவிசி) குழாய்த் துண்டொன்றை நெடுக்காக அறுத்துக் கொதிநீரில் போட்டால் இளகும். இரண்டு பலகைகளுக்கு நடுவே அழுத்தி ஆறவிட்டால் தட்டையான தகடு கிடைக்கும். உடைந்த கையை அதன்மேல் வைத்து வரைந்து, அறுத்து, அரத்தால் ராவித் துளையிட வேண்டும். உள்மூலையைக் கூராக விடக்கூடாது, விரிசல் அங்கேதான் தொடங்கும். அந்த மூலை வளைவாக ராவப்பட்டிருந்தால் செய்தவரின் திறமை அங்கேயே தெரிந்துவிடும். ஸ்டியரிங் இணைப்புக்கு சைக்கிள் ஸ்போக் கம்பி. பம்பருக்குப் பழைய ரப்பர் செருப்பு. சப்ரகமுவ மழைக்கு ரிசீவரை ஒரு பலூனுக்குள் போட்டுக் கட்டிவிடலாம்.

நான் மிகவும் மதிப்பது எதை வலுவாக்காமல் விடுவது என்ற அறிவை. கையை இரும்பில் செய்தால் அடி அதைத் தாங்கும் சட்டத்துக்குப் போகும். தமியா நிறுவனம் 1984இல் வெளியிட்ட கிராஸ்ஹாப்பர் ரிமோட் காரிலும் ஸ்டியரிங் மோட்டாரைக் காக்க, அடியை வாங்கி நெகிழும் ‘சர்வோ சேவர்’ உண்டு. வளைய வேண்டியது வளையத்தான் வேண்டும்.

வீட்டில் உடைந்த ரிமோட் கார் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். புதுக் கைக்கு அளவு அந்த உடைந்த கையில்தான் இருக்கிறது.